கோலப் புள்ளியும் டிவித் திரையும்: டிவிடியில் படம் ஏன் குண்டாகத் தெரிகிறது?

எங்கள் வீட்டில் மாமாவின் கல்யாண டிவிடி ஒன்று இருக்கிறது. 2004-இல் கொழிஞ்சாம்பாறையில் நடந்த கல்யாணம். பெண் வீடு பொள்ளாச்சிப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வந்த வேன்களிலிருந்து ஆட்கள் இறங்குவதில்தான் படமே தொடங்கும். பழைய பெட்டி டிவியில் அதைப் பல வருடம் பார்த்தோம். பிறகு 32 அங்குலத் தட்டை டிவி வீட்டுக்கு வந்த அன்று, அமுச்சி (அம்மாவின் அம்மா) முதலில் போடச் சொன்னதும் அதைத்தான். திரை முழுக்கப் படம் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அமுச்சி மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, அப்புச்சி இத்தனை குண்டாவா இருந்தாரு?" என்று கேட்டார்.

"இல்லீங்க அமுச்சி" என்றேன். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒல்லியான மனிதர். தோப்பில் நாள் முழுக்க நடந்து இறுகிய உடம்பு. திரையில் நின்றவருக்கோ கன்னம் உப்பியிருந்தது, தோள் அகன்றிருந்தது. அவர் நடமாடும் படம் எங்களிடம் இது ஒன்றுதான். அதில் அவர் வேறு ஆள் மாதிரித் தெரிவதை என்னால் விட்டுவிட முடியவில்லை. ரிமோட்டையும் செட்டப் மெனுவையும் ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ள உட்கார்ந்தது அப்படித்தான். புரிந்த பிறகு, இதற்குக் கோலம் போடத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றால் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். அவ்வளவுதான். பெட்டி டிவியின் விகிதம் 4:3. இப்போதைய தட்டை டிவியின் விகிதம் 16:9. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தலை சுற்றும். 4:3-ஐ மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள், 12:9 ஆகிவிடும். இனி வாசலில் புள்ளி வைப்பதாக நினையுங்கள். பழைய டிவி 12 புள்ளி, 9 வரிசை. புது டிவி 16 புள்ளி, 9 வரிசை. உயரம் இரண்டுக்கும் ஒன்று. புது டிவியில் பக்கவாட்டில் 4 புள்ளிக்கு இடம் அதிகம்.

மாமா கல்யாணத்தை எடுத்த கேமரா 12 புள்ளிக் கேமரா. அந்தப் படத்தை 16 புள்ளித் திரையில் காட்ட முக்கியமாக மூன்று வழி உண்டு. முதல் வழி, 12 புள்ளியையும் நடுவில் அப்படியே வைத்து, இடப்பக்கம் 2 புள்ளி, வலப்பக்கம் 2 புள்ளியைக் கறுப்பாக விட்டுவிடுவது. இரண்டாவது, 12 புள்ளியையும் தள்ளித் தள்ளி வைத்து 16 புள்ளி இடத்தை நிரப்புவது. உயரம் 9 வரிசையாகவே இருக்கும், அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்புச்சி குண்டானது இதனால்தான். மூன்றாவது, கோலத்தையே பெரிதாக்குவது. 12 புள்ளி 16 ஆகும்போது 9 வரிசை 12 ஆகிவிடும். வாசலில் 9 வரிசைக்குத்தான் இடம். மேலே ஒன்றரை, கீழே ஒன்றரை என்று மூன்று வரிசை வெளியே போய்விடும். யாரும் குண்டாக மாட்டார்கள், ஆனால் தலைப்பாகை போகும், கீழே ஓடும் பெயர் எழுத்து போகும். இதற்குத்தான் ஜூம் என்று பெயர்.

இந்த மூன்றில் எது நடக்கிறது என்று கண்ணால் சொல்வது சில சமயம் கஷ்டம். பழகிவிட்டால் குண்டும் சரியாகத்தான் தெரியும். நான் செய்தது இது. கல்யாணப் படத்தில் மண்டபச் சுவரில் வட்டக் கடிகாரம் ஒன்று நேராகத் தெரியும் இடம் வரும். அங்கே பாஸ் அழுத்திவிட்டு, அத்தையின் தையல் டேப்பைத் திரையில் வைத்து அளந்தேன். அகலம் 4 அங்குலம், உயரம் 3 அங்குலம். வட்டம் முட்டையாகிவிட்டது. டிவி ரிமோட்டில் படத்தின் வடிவத்தை 4:3-க்கு மாற்றிவிட்டு மறுபடி அளந்தேன். மூன்றுக்கு மூன்று. உங்கள் டிவிடியில் கடிகாரம் இல்லாவிட்டால் வண்டிச் சக்கரம், முழுநிலா, நேரே தெரியும் பொட்டு என்று ஏதாவது ஒரு வட்டம் இல்லாமல் போகாது. சாய்வாகத் தெரியும் தட்டு மட்டும் கணக்குக்கு உதவாது.

இரண்டு பக்கமும் கறுப்பு வந்ததும் வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. காசு கொடுத்து வாங்கிய டிவியில் பாதி இடம் வீணா என்று. பாதியெல்லாம் இல்லை, கால் பங்குதான். 32 அங்குல டிவியின் அகலம் ஏறக்குறைய 28 அங்குலம். அதில் 4:3 படம் 21 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு மூன்றரை அங்குலம் கறுப்பு. அந்த மூன்றரை அங்குலத்தில் காட்ட எதுவுமே பதிவாகவில்லை. கேமரா பார்க்காததை டிவி எங்கிருந்து கொண்டுவரும்? கறுப்பு ஒரு பழுது இல்லை என்று மனது ஒப்புக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

சரி, அது வீட்டுப் படம். கடையில் வாங்கிய சினிமா டிவிடிக்கு இன்னொரு விஷயம் தெரிய வேண்டும். சினிமாவும் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட 4:3 தான். டிவி பிறந்தபோது அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் டிவி வந்துவிட்டதால் ஹாலிவுட்காரர்கள் கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுக்க 1953-இல் சினிமாஸ்கோப்பை இறக்கினார்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் 1978-இல் வந்த 'தச்சோளி அம்பு'. இரண்டு மொழிப் படமும் பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஸ்கோப் என்ற சொல் போஸ்டரிலிருந்தே பழக்கம்.

ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல ஏறக்குறைய 2.35 மடங்கு. கோலக் கணக்கில், 16 புள்ளிக்கு 7 வரிசை கூட முழுதாக வராது. அதனால் தட்டை டிவியில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை கறுப்பு வந்தே தீரும். புது டிவி வாங்கியும் மேலும் கீழும் கறுப்பு போகவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். போகாது. படம் அந்த டிவியைவிட அகலமானது. திரையை நிரப்பிக்காட்டு என்று ஜூம் அழுத்தினால் அகலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கை வெட்டித்தான் நிரப்பும். இரண்டு பேர் திரையின் இரண்டு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில், நடுவில் இருக்கும் சுவர்தான் மிஞ்சும்.

ஸ்கோப் படத்தை வழக்கமான ஃபிலிமில் எப்படி அடைத்தார்கள் என்பதுதான் டிவிடியைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். கேமராவில் ஒரு சிறப்பு லென்ஸ் போட்டுக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்தார்கள். தியேட்டர் புரொஜெக்டரில் அதற்கு எதிர் லென்ஸ் போட்டு விரித்துக் காட்டினார்கள். புடவைக் கொசுவம் மாதிரி. மடிப்பில் அகலம் ஒளிந்திருக்கும், விரித்தால் திரும்ப வரும். ஆபரேட்டர் விரிக்கும் லென்ஸைப் போட மறந்தால் திரையில் எல்லோரும் சவுக்குக் கம்பு மாதிரி நெட்டையாக நிற்பார்கள். கொட்டகையில் விசில் பறக்கும்.

டிவிடியும் இதே வித்தையைத்தான் செய்கிறது. நம் ஊரில் பால் (PAL) என்ற டிவி முறை. அந்த முறை டிவிடியில் ஒரு படச்சட்டம் 720-க்கு 576 புள்ளி. இது கோலப் புள்ளி இல்லை, பிக்சல். 4:3 படமானாலும் 16:9 படமானாலும் அதே 720-க்கு 576 தான். அகலப் படமாக இருந்தால் கொசுவம் வைத்து உள்ளே அடைத்து, "இதை 16:9-ஆக விரிக்கவும்" என்று ஒரு குறிப்பையும் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குறிப்பைப் படிப்பது பிளேயர். விரிப்பது டிவி. பிளேயரும் டிவியும் ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொண்டால்தான் கோளாறு. ஆட்கள் ஒல்லியாக நீண்டிருந்தால் கொசுவம் விரியவில்லை என்று அர்த்தம். குண்டாக இருந்தால் கொசுவமே இல்லாத படத்தை யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

இனி ரிமோட்டைக் கையில் எடுக்கலாம். பிளேயர் ரிமோட்டில் செட்டப் என்ற பட்டன் இருக்கும். டிஸ்க் ஓடும்போது அழுத்தினால் பல பிளேயர்களில் இந்தப் பகுதி மங்கலாகத் தெரியும், மாற்ற விடாது. ஸ்டாப்பை இரண்டு முறை அழுத்திவிட்டு உள்ளே போங்கள். டிவி டிஸ்ப்ளே, டிவி டைப், டிவி ஷேப் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்று வாய்ப்பு: 4:3 பிஎஸ், 4:3 எல்பி, 16:9. இது டிஸ்கின் வடிவத்தைக் கேட்கும் கேள்வி இல்லை. "உன் வீட்டு டிவி என்ன வடிவம்?" என்று பிளேயர் கேட்கிறது. இங்கேதான் நானும் முதலில் சறுக்கினேன். கல்யாண டிவிடி 4:3 ஆயிற்றே என்று அதற்காக இங்கே 4:3 எல்பி வைத்தேன். பிறகு போட்ட அகலப் படங்களெல்லாம் சுருங்கி நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன.

தட்டை டிவி என்றால் 16:9 வையுங்கள், அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்னும் பெட்டி டிவிதான் என்றால் 4:3 எல்பி. எல்பி என்பது லெட்டர்பாக்ஸ். அகலப் படத்தை முழுதாகக் காட்டி மேலும் கீழும் கறுப்பு விடும். பிஎஸ் என்பது பான் ஸ்கேன். பக்கங்களை வெட்டித் திரையை நிரப்பும். அதற்கு டிஸ்கிலும் அனுமதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லெட்டர்பாக்ஸாகத்தான் வரும். நான் யாருக்கும் பிஎஸ் சொல்வதில்லை. இதே மெனுவில் பக்கத்திலேயே பால், என்டிஎஸ்சி (NTSC) என்று டிவி முறையைக் கேட்கும் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், ஆட்டோவிலோ பாலிலோ இருக்கட்டும். கை தவறி மாற்றினால் சில டிவியில் கலர் போய்விடும், படம் உருளும்.

பிளேயரிடம் டிவியின் வடிவத்தை ஒருமுறை உண்மையாகச் சொல்லியாயிற்று. இனி டிஸ்குக்குத் தகுந்த மாதிரி மாற்றுவதை டிவி ரிமோட்டில் மட்டும் செய்யுங்கள். பிக்சர் சைஸ், ஆஸ்பெக்ட், ஸ்கிரீன் மோட் என்று ஏதாவது ஒரு பெயரில் பட்டனோ மெனுவோ இருக்கும். இரண்டு ரிமோட்டிலும் மாற்றி மாற்றி அழுத்துவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. ஒரு கருவி இழுக்கும், இன்னொன்று நெருக்கும், கடைசியில் யார் என்ன செய்தது என்று தெரியாது.

கேபிளையும் பார்க்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர் உள்ள ஏவி கேபிளில் படம் போகும், ஆனால் அதன் வடிவம் டிவிக்குச் சரியாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. அதனால் 4:3 டிஸ்குக்கு 4:3, அகல டிஸ்குக்கு 16:9 என்று நீங்கள்தான் டிவியிடம் சொல்ல வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளில், படத்தைப் பெரிதாக்கி அனுப்பும் பிளேயர்கள் எல்லாவற்றையும் 16:9 சட்டத்துக்குள் வைத்தே அனுப்பும். அப்போது பழைய 4:3 படத்தைப் பிளேயரே இழுத்துவிடலாம். சில டிவியில் 4:3-ஐத் தேர்ந்தெடுக்கவும் விடாது. அந்த மாதிரிப் பிளேயர்களின் மெனுவில் 16:9-க்கு இரண்டு வகை இருக்கிறதா என்று பாருங்கள். வைட் ஸ்குவீஸ் மாதிரியான பெயரில் இருப்பது 4:3 படத்தை நடுவில் வைத்துப் பக்கங்களில் கறுப்பு விடும் வகை.

இதுவரை ஜூமைக் குறையாகவே பேசிவிட்டேன். ஜூம்தான் சரி என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. நம் பழைய தமிழ், மலையாளப் பட டிவிடிகள் நிறைய அதில்தான் மாட்டும். ஸ்கோப் படத்தைக் கொசுவம் வைக்காமல், 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்பு விட்டு அப்படியே பதிவு செய்திருப்பார்கள். அந்தக் கறுப்பு படத்தின் பகுதியாகவே டிஸ்கில் இருக்கும். பெட்டி டிவியில் இது உறுத்தாது. தட்டை டிவியில் 4:3 வைத்தால் பக்கங்களிலும் கறுப்பு சேர்ந்து, நாலு புறமும் கறுப்புக்கு நடுவே தபால் தலை மாதிரிப் படம் உட்காரும். 16:9 வைத்தால் எல்லோரும் குண்டு.

இங்கே டிவியின் ஜூமை அழுத்துங்கள். மறுபடி கோலத்துக்கு வருவோம். 12 புள்ளி அகலத்தில் ஸ்கோப் படம் 5 வரிசைக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும். 9 வரிசையில் மீதியெல்லாம் கறுப்பு. ஜூம் 12-ஐ 16 ஆக்கும்போது வெளியே தள்ளப்படும் மூன்று வரிசையும் அந்தக் கறுப்பிலிருந்தே போகிறது. படத்தில் ஒரு புள்ளி கூடக் குறையாது. அகலம் நிறையும், ஆளும் தன் வடிவத்திலேயே இருப்பார். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அதற்கு வழியில்லை. கொசுவம் வைத்த ஸ்கோப் டிவிடியில் படத்துக்குச் சுமார் 435 கோடு கிடைக்கும். இப்படிப் பதிந்ததில் சுமார் 325 தான். விசிடி என்றால் இன்னும் மோசம். அதன் முழுச் சட்டமே 352-க்கு 288, கொசுவம் வைக்கும் வசதியும் அதில் கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில டிஸ்கில் சப்டைட்டில் கீழே உள்ள கறுப்பில் ஓடும். ஜூம் போட்டால் அது காணாமல் போய்விடும். எங்கள் வீட்டில் மலையாளம் எல்லோருக்கும் காதுக்குப் பழக்கம் என்பதால் பிரச்சினை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும் சித்திக்குச் சப்டைட்டில் வேண்டும். அவர் வந்தால் ஜூமை எடுத்துவிடுவோம். தபால் தலையானாலும் கதை புரிய வேண்டுமே.

பிளேயர் ரிமோட்டிலும் ஜூம் என்று ஒரு பட்டன் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. அது திரையை நிரப்புவதற்கு வைத்தது இல்லை, பூதக்கண்ணாடி. ஒருமுறை அழுத்தினால் இரண்டு மடங்கு, இன்னும் அழுத்தினால் மூன்று, நான்கு என்று போகும். சில பிளேயரில் ஒன்றரையிலிருந்து தொடங்கும். கடைசியில் ஆஃப் வந்து பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டு மடங்கு ஜூமில் 720-க்கு 576-இல் பாதிக்குப் பாதி, அதாவது 360-க்கு 288 புள்ளிதான் திரை முழுக்க விரிகிறது. டிவிடியை விசிடி ஆக்கிப் பார்ப்பது போல. சினிமா பார்க்க இது ஆகாது.

ஆனால் கல்யாணப் படத்துக்கு இதைவிட நல்ல பட்டன் கிடையாது. பந்தி நடக்கும் காட்சியில் கேமரா ஒரே வீச்சில் முப்பது நாற்பது பேரைக் கடந்துவிடும். அமுச்சியின் தங்கை அந்தக் கூட்டத்தில் எங்கோ இருக்கிறார். இப்போது அவரும் இல்லை. "அவ பச்சைச் சேலை, தூணுக்கு அந்தப் பக்கம் இருப்பா பாரு" என்று அமுச்சி சொல்ல, பாஸ் அழுத்தி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, அம்புக்குறிப் பட்டன்களால் படத்தை இடதுபக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு தூண், பாயசவாளியோடு ஒருவர், பிறகு பச்சைச் சேலை. இலையைப் பார்த்துக் குனிந்திருந்தார். மூன்று மடங்குக்குப் போனபோது முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது, அதனால் இரண்டிலேயே நிறுத்திக்கொண்டேன். அமுச்சி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பாஸ் செய்துவிட்டு ஜூம் செய்வதுதான் முறை. ஓடும் படத்தில் ஜூம் செய்தால் தேடும் ஆள் கையில் அகப்பட மாட்டார்.

ஓரங்கள் வெட்டுப்படுவதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம். பெட்டி டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துத்தான் காட்டும். அந்தப் பழக்கம் பல தட்டை டிவிகளிலும் தொடர்கிறது. மூலையில் தேதி பாதியாகத் தெரிந்தால், டிவி மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் மாதிரி ஏதாவது இருக்கும், அதைப் போட்டால் முழுதாக வரும்.

கடைசியாக ஒன்று. பழைய கல்யாண டிஸ்குகளை இப்போது பலரும் பென் டிரைவுக்கு மாற்றுகிறார்கள். டிஸ்க் கீறல் விழுந்து போவதற்குள் செய்துவிடுவது நல்லதுதான். ஆனால் மாற்றித் தருபவர் "ஃபுல் ஸ்கிரீனா பண்ணித் தரட்டுமாங்க?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிவி ரிமோட்டில் செய்த தவறை ஒரு பட்டனில் திருத்தலாம். ஃபைலிலேயே இழுத்துவிட்டால், அதைத் திரும்ப நெருக்கிக் காட்ட எப்போதும் போராட வேண்டும். மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பியிருந்தால் போனது போனதுதான். "4:3 அப்படியே இருக்கட்டும், வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, வாங்கும்போது அங்கேயே போட்டு ஒரு வட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நான் எங்கள் டிஸ்கை எடுத்துச் சென்றபோது மண்டபக் கடிகாரம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கவர் மேலேயே எழுதி வைத்திருந்தேன்.